‘இருக்கட்டும்’ என்றதால் வந்த தக்காளி

எங்கள் கட்டிடத்தில் ஒரு பேச்சு அடிபட்டது. மூன்றாம் மாடித் தையல்காரம்மாவுக்குப் பஞ்சம் வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிட்டதாம். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேலே, குளியலறையில்கூடச் சாப்பாட்டைப் பாட்டில் பாட்டிலாகப் பதுக்குகிறாராம். பஞ்சம் வந்த பிறகு அவரோடு பழக்கம் பிடிப்பதைவிட இப்போதே பிடித்துக்கொள்வது நல்லது என்று, நீளம் குறைக்க ஒரு பேன்ட்டோடு படியேறினேன்.

பாட்டில்கள் நிஜம், பஞ்சம்தான் புளுகு. அந்த அம்மாவுக்குத் தோட்டம் கிடையாது, பூந்தொட்டி கிடையாது. வீட்டில் மண் என்று இருந்தால் அது செருப்புக்கு அடியில் ஒட்டியதுதான். ஒரு கோடையில் சந்தையில் தக்காளி சீப்பட்டுக் கிடக்க, ஆசைக்குக் கொஞ்சம் வாங்கி, கெடாமல் இருக்க வேகவைத்துப் பாட்டிலில் அடைத்தார். அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தார். அங்கே பிடித்தது சனி.

சொந்தக்காரர் தோட்டத்துத் தக்காளியை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்த எதிர்வீட்டு டீச்சரம்மா, ஒரு கூடையைத் தூக்கிவந்தார்.

“ஐயோ, எதுக்குங்க இவ்வளவு? இருக்கட்டும்” என்றார் தையல்காரம்மா.

வேண்டாம் என்பதை அவர் மரியாதையாகச் சொன்னார். டீச்சரம்மா இலக்கண சுத்தமாக எடுத்துக்கொண்டார். கூடை இருந்தது; அவர் போய்விட்டார். அடுத்து பிளம்ஸ். அதற்கும் ஒரு ‘இருக்கட்டும்’. மற்ற வீட்டுக்காரர்களும் மோப்பம் பிடித்துக் கூடையோடு வந்தார்கள்.

“வேண்டாம்னு நேரா சொல்லித் தொலையேன்” என்றார் கணவர், ஜாம் பாட்டில்களுக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்தபடி.

“முகத்துக்கு நேரா எப்படிங்க சொல்றது?”

“கதவுக்குப் பின்னாடி நின்னு சொல்லு.”

நான் போனது கெட்ட நாள். ஒரு லாட்ஜுக்குத் திரைச்சீலை தைத்து மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் லாட்ஜின் எல்லா அறைகளுக்கும் தைக்கிற வேலை இவருக்கு. தவறினால் முக்குக்கடை டெய்லருக்கு. துணி விரிக்க வீட்டில் இருப்பது ஒரே மேஜை. அதன்மேல் வெந்நீரிலிருந்து அப்போதுதான் எடுத்த தக்காளி பாட்டில்கள் அணிவகுத்து நின்றன.

“கீழ இறக்கி வச்சா என்ன?” என்றேன்.

“தொட்டுடாதீங்க! ஆறி, மூடி உள்வாங்குற வரைக்கும் அசைக்கக் கூடாது. நாளைக்குத்தான்.”

“தைச்சு முடிச்சிட்டுப் போட்டிருக்கலாமே?”

“நேத்தே தோல் வெடிச்சிடுச்சு. ‘என் தக்காளி என்னாச்சு’ன்னு டீச்சர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

மேஜையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், பல்லைக் கடித்தார். தையல் மெஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டார். துணி மாடிப்படியில் வழிந்து இறங்கியது. போக்குவரத்து நின்றது. பேன்ட்டோடு நானும் மேல்படியில் மாட்டிக்கொண்டேன்.

கீழிருந்து புதுக் கூடையோடு டீச்சரம்மா வந்தார். “வழி விடுங்க, பேரிக்காய் கனக்குது.”

“அதை அங்கயே வச்சிட்டு இந்த முனையைத் தூக்கிப் பிடிங்க டீச்சர், தரையில படுது” என்றார் தையல்காரம்மா.

“எவ்வளவு நேரம்?”

“தைக்கிற வரைக்கும்.”

முகத்துக்கு நேராக மறுக்க டீச்சரம்மாவுக்கும் வரவில்லை. கை மாற்றி மாற்றிப் பிடித்தார். கடைசித் திரையில் பாதி மடிப்போடு நூல் தீர்ந்தது. கடைகள் மூடியாயிற்று. துணியைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போன டீச்சரம்மா, திரைத்துணியின் அதே சாம்பல் நீலத்தில் ஒரு நூல்கண்டோடு வந்தார்.

“என் கோட்டுக்குன்னு அலைஞ்சு வாங்கினது. திருப்பிக் குடுத்துடணும், சொல்லிட்டேன்.”

கண்டு காலியானது; திரை முழுசானது. லாட்ஜில் எல்லா அறைகளின் வேலையையும் கொடுத்துவிட்டார்கள். இனி மேஜை தினமும் வேண்டும். ஆனால் இன்று அதன்மேல் பேரிக்காய் ஆறிக்கொண்டிருக்கிறது. தையல்காரம்மா வாசலில் தைக்கிறார்.

அந்த நிறத்தில் நூல் எந்தக் கடையிலும் அகப்படவில்லை. பதிலுக்கு இரண்டு பாட்டில் தக்காளியை நீட்டிப் பார்த்தார்.

“பாட்டில்ல அடைச்சதெல்லாம் எங்க வீட்ல யாரும் தொட மாட்டோம்மா” என்றார் டீச்சரம்மா. “என் நூல்கண்டு எப்போ?”