பிஸ்கற் பேணிக்குள் குளிசை

என் மச்சாள் செத்ததற்குக் காரணம் நீங்கள்தான், கப்போ அண்ணை. மொண்டெல்லோக் கடற்கரை ஹோட்டல்களின் விரிப்புகள் வருகிற சலவைக்கூடத்தில் எங்கள் ஆட்களுக்குப் பொறுப்பு நீங்கள்; அதனால்தான் இத்தாலிக்காரரைப் போல நாங்களும் உங்களைக் 'கப்போ' என்கிறோம். கந்தசஷ்டிக்கு வாடகை மண்டபத்தில் பூசையை முன்னின்று நடத்துவதும் நீங்கள். இஸ்திரி மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் தகரப் பேணி என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு பக்கம் பிஸ்கற், மறுபக்கம் வலிக்குப் போடுகிற குளிசை.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. ஈரத்துணி தூக்கியே இடுப்பு விட்டுப்போனவள். சஷ்டி நாட்களில் இரவு பாலும் பழமும் மட்டும்தான்; பகலில் பச்சைத் தண்ணீரும் படாது. போன சஷ்டிக்கு அவள் லீவு கேட்டாள்; ஹோட்டல்கள் நிறைந்திருக்கின்றன, லீவு இல்லை என்றீர்கள். "முருகனுக்கு என்ரை பசி விளங்கும், இடுப்பு விளங்காது போல" என்று அவள் சிரித்தாள். நீங்கள் பேணியைத் திறந்தீர்கள். "குளிசை சாப்பாடில்லைப் பிள்ளை, விரதம் முறியாது. போட்டிட்டு வேலையைப் பார்." பூசை நடத்துகிறவர் சொன்னால் யார் மறுப்பது? வெறும் வயிற்றில், தண்ணீர்கூட இல்லாமல், திரும்பத் திரும்ப விழுங்கினாள். வயிறு எரிந்தது, மலம் கறுத்துப் போனது. அவள் முகம் வெளிறிச் சோர்ந்ததை விரதக் களை என்று சொல்லி எல்லோரும் அவளை மெச்சினோம். சூரன்போர் அன்று துணிக்கூடையின் மேலேயே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். குடலின் உட்புறத்தில் ஒரேயொரு அடுக்கு உயிர்க்கலங்கள் நெருக்கமாகப் பிணைந்து நிற்கின்றனவாம். மேலே வழுவழுப்பான சளிப் படலம். சாப்பாட்டின் சத்தை உள்ளே விட்டு, கிருமியை வெளியே நிறுத்துவது அதுதான். வலிக் குளிசை, அதுவும் வெறும் வயிற்றில் போட்டால், அந்தப் படலத்தை மெலிய வைத்து, பிணைப்பைத் தளர்த்திவிடும். மச்சாளுக்குப் புண் ஆழமாகிக் குடல் ஓட்டையாகி, கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. வீட்டுக் கதவையே கழற்றி வைத்தது போல. அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். விடியுமுன் அவள் போய்விட்டாள்.

நான் இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறேன். ஆனால் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை. மெஷின் சத்தம் நின்றால் இன்னும் மோசம். நேற்று உங்களுக்குத் தலையிடி. அதே பேணியைத் திறந்தீர்கள். முதலில் இரண்டு பிஸ்கற்றை மென்று தண்ணீர் குடித்தீர்கள், பிறகுதான் குளிசை. நினைத்துப் பார்த்தேன். எப்போதுமே நீங்கள் அப்படித்தான். வெறும் வயிற்றில் ஒருநாளும் போட்டதில்லை.

இந்தச் சஷ்டிக்கும் மண்டபத்தில் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். பூசை தொடங்குமுன், விரதம் பிடிக்கிற பெண்கள் எல்லோருக்கும் முன்னால், என் அண்ணனைப் பார்த்துச் சொல்லுங்கள்: அந்த இரண்டு பிஸ்கற் உங்களுக்கு மட்டும் ஏன்?