‘தொந்தரவு’ என்று ஒரு கட்டம்

1. இருபத்தாறு மணி நேரச் செவ்வாய்க்கிழமை

“உமா, உங்க செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் இருபத்தாறு மணி நேரம் இருக்கே! அந்த ரெண்டு மணி நேரத்த எனக்குக் குடுங்க. ரிலீஸ் நோட்ஸ் பாக்கி கெடக்கு” என்றார் ரங்கநாத்.

கேபினில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். இருந்தும் எனக்குக் காது சுட்டது. அவர் கையில் இருந்தது நானே விரும்பிக் கொடுத்த எக்செல் ஷீட். என் வலைப்பதிவுக்கு நான் எவ்வளவு நேரம் செலவழிக்கிறேன் என்பதற்கான ஆதாரம்.

2006ஆம் வருடம். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெக்னிகல் ரைட்டராக இருந்தேன். எங்கள் மென்பொருளை எப்படி இன்ஸ்டால் செய்வது, எப்படி அப்கிரேட் செய்வது என்று கையேடு எழுதும் வேலை. சரியாக இருந்தால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். தவறு இருந்தால் எல்லோரும் படிப்பார்கள். நாளெல்லாம் எழுதியும் ஒரு மனிதர்கூட “நல்லா இருக்கு” என்று சொல்லாத வேலை அது. அந்த வயிற்றெரிச்சலில்தான் தமிழில் ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். விவேக் நகர் வீட்டுச் சொந்தக்காரம்மா, கம்பெனி பஸ் சண்டைகள், மாவு மெஷின் வரிசை என்று கண்டதையும் எழுதுவேன். புதுப் பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் திரட்டியில் பெயர் வரும். பின்னூட்டம் வரும். பக்கத்தின் அடியில், படிக்க வந்தவர்களை எண்ணும் கவுன்டரில் எண் ஏறும்.

என் மேனேஜர் ரங்கநாத், மூன்று தலைமுறைக்கு முன்பே அரசாங்க வேலைக்கென்று பெங்களூர் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கோபம் வந்தாலும் குரல் உயராது. என் திரையில் வலைப்பதிவை இரண்டு முறை பார்த்துவிட்டார்.

“ஆபீஸ்ல எழுதறீங்களா உமா?”

“லஞ்ச்ல அரை மணி நேரம், அவ்வளவுதான். மத்ததெல்லாம் வீட்டுலதான்.”

“ஹௌதா?” என்றார். அப்படியா என்பதற்குக் கன்னடம். அந்த ஒற்றைச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரம் என் நாள் முழுவதையும் எழுதித் தருகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானாகவே சவால் விட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜென்மம் இல்லை நான்.

எங்கள் கம்பெனியில் டைம்ஷீட் போடும் லட்சணம் இதுதான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து, வாரம் முழுவதையும் நினைவிலிருந்து நிரப்புவோம். ஒவ்வொரு நாளும் ஒன்பது மணி நேரம் வந்தாக வேண்டும். வராவிட்டால் கட்டம் சிவப்பாகிவிடும், சப்மிட் ஆகாது. அதனால் சிவப்பு போகும் வரை அங்கே கால் மணி, இங்கே அரை மணி என்று தூவுவோம். என் ஷீட்டையும் நான் அதே கையோடு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத்தான் நிரப்பினேன். ஆபீஸ் ஒன்பது, தூக்கம் ஏழு, பஸ் இரண்டரை, சமையலும் சாப்பாடும் இரண்டரை. அந்தச் செவ்வாய்க்கிழமை பெரிய பதிவு என்பதால் வீட்டில் எழுதியது ஐந்து என்று போட்டேன். என் ஷீட்டில் சிவப்புக் கட்டம் இல்லை. கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவும் இல்லை.

“அடுத்த வாரம் உண்மையானத போட்டுக் குடுங்க” என்று ரங்கநாத் அந்த ஷீட்டை என்னிடமே நீட்டினார்.

2. உண்மையான வாரம்

மானம் போன ரோஷத்தில் அடுத்த திங்கட்கிழமை ஒழுங்காக ஆரம்பித்தேன். மொபைலில் ஸ்டாப்வாட்ச். அந்தந்த நிமிடத்திலேயே ஷீட்டில் பதிவு. நான்கு கட்டங்கள்: எழுதியது, கவுன்டர் பார்த்தது, பின்னூட்டம், தொந்தரவு. நடுவில் யாராவது வந்து பேசினால் அந்த நேரத்தைக் கழிக்க வேண்டுமே, அதற்காக நாலாவது கட்டம்.

உட்கார முடியவில்லை. ஒரு பத்தி கையேடு எழுதுவேன், விரல் தானாக பிரவுசருக்குப் போகும். கவுன்டர் ஏறியிருந்தால் சந்தோஷம், யார் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் வேதனை, ஏன் வரவில்லை என்று பார்க்க வேண்டும். எப்படியும் பார்க்க வேண்டும். ஷீட்டில் எழுதுவதற்காக நேரம் பார்ப்பேன், நேரம் பார்த்தால் கவுன்டர் ஞாபகம் வரும். புதன்கிழமைக்குள் எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டினேன். வாரம் முழுவதும் எழுதியது இரண்டு மணி பத்து நிமிடம். கவுன்டரும் பின்னூட்டமும் சேர்ந்து பதினோரு மணி நேரத்துக்கு மேல். அதில் எட்டு மணி நேரம் ஆபீஸில்.

நான் என்னை எழுதுகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது பாராட்ட மாட்டார்களா என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் என்று ஷீட் சொன்னது. அசிங்கமாக இருந்தது.

ரிலீஸ் நெருக்கடியில் ரங்கநாத் அந்த ஷீட்டை மறந்துவிட்டார். அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

3. விட்டுப்போன ஸ்டெப்

பத்து நாள் கழித்து புனேயிலிருந்து போன். ஒரு தொழிற்சாலையில் எங்கள் கையேட்டைப் பார்த்து அப்கிரேட் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய செட்டிங்ஸ் எல்லாம் அழிந்து, ஒரு ஷிப்ட் முழுவதும் லைன் நின்றுவிட்டது. அப்கிரேடுக்கு முன், பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸை நிறுத்த வேண்டும். அந்த ஸ்டெப் கையேட்டில் இல்லை.

ரங்கநாத் என்னையும் செல்வத்தையும் கூப்பிட்டார். செல்வம்தான் அந்த அப்கிரேடை எழுதிய டெவலப்பர். தர்மபுரிப் பையன், ஹெப்பகோடியில் நண்பர்களோடு ரூம். புரொபேஷன் முடிந்து அந்த மாதக் கடைசியில் அவன் வேலை உறுதியாக வேண்டும்.

“எனக்கு யாரும் சொல்லல” என்றேன்.

“இல்ல ரங்கநாத், நான் நேர்ல போய் சொன்னேன். சர்வீஸ ஸ்டாப் பண்ணிட்டுதான் ஆரம்பிக்கணும்னு. அக்கா கூட ‘சரி சரி, போட்டுடறேன்’னாங்க.”

“மெயில் இருக்கா?”

“இல்ல... பக்கத்து வரிசைதானே, அதான் நேர்லயே...”

“மெயில் இல்லன்னா சொல்லலன்னுதான் அர்த்தம் செல்வம். இத நான் மேல எழுதித்தான் ஆகணும். இந்த மாசம் பாத்தா இப்படிப் பண்ணுவே?”

நான் பொய் சொல்லவில்லை. எனக்குச் சத்தியமாக நினைவில்லை. ஆனால் செல்வம் அதற்கு மேல் வாதாடவில்லை, என் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வை என்னவோ செய்தது. சீட்டுக்கு வந்து உண்மையான வாரத்து ஷீட்டைத் திறந்தேன்.

வியாழக்கிழமை. 11.30 முதல் 11.50 வரை கவுன்டர், பின்னூட்டம். நாலாவது கட்டத்தில்: 11.35, செல்வம் வந்தான், ஏதோ அப்கிரேட் விஷயம், மூன்று நிமிடம்.

அவன் சொன்னதற்கு உலகத்திலேயே ஒரே சாட்சி அந்த வரிதான். அது என்னிடம் மட்டும் இருந்தது. அதைக் காட்டினால் ஆபீஸில் எட்டு மணி நேரம் கவுன்டர் பார்த்ததும் சேர்ந்து தெரியும். அந்த வருடம் எங்கள் கையேட்டுக் குழுவின் டாக்குமென்டேஷன் லீட் பதவி எனக்கு என்று பேச்சு இருந்தது. எழுந்து கேன்டீனுக்குப் போனேன், காப்பி வாங்காமலே திரும்பி வந்தேன். ஷீட்டை மூடினேன், திறந்தேன். அழிப்பதற்கு ஒரு வினாடி போதும். சாயங்காலம் கம்பெனி பஸ் கிளம்பும்போது, செல்வம் ஹெப்பகோடி பக்கம் தனியாக நடந்து போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வழக்கமாக நாலு பேரோடு சிரித்துக்கொண்டு போவான்.

4. பிரின்ட் அவுட்

மறுநாள் காலை பிரின்ட் எடுத்து ரங்கநாத் மேஜையில் வைத்தேன். வியாழக்கிழமை வரியில் பேனாவால் கோடு போட்டிருந்தேன்.

முழுதாகப் படித்தார். “எட்டு மணி நேரம் ஆபீஸ்லயா?”

“ஆமா.”

“இத நீங்க குடுக்காமலே இருந்திருக்கலாம். நான் மறந்தே போயிட்டேன்.”

“செல்வத்துக்கு வேற சாட்சி இல்லையே ரங்கநாத்.”

ரங்கநாத் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, தவறு டாக்குமென்டேஷனுடையது என்று என் கண் முன்னாலேயே மெயில் அடித்தார். லீட் பதவி அந்த வருடம் வேறொருவருக்குப் போனது. வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். செல்வத்தின் வேலை உறுதிக் கடிதம் மாதக் கடைசியில் சரியாக வந்தது.

கடிதம் வந்த அன்று மதியம் செல்வம் என் சீட்டுக்கு வந்தான். கையில் அந்த பிரின்ட் அவுட். ரங்கநாத் கொடுத்திருக்கிறார்.

“தேங்க்ஸ்க்கா” என்றான். போகாமல் நின்றான். “ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க.”

“கேளு.”

“நான் வேல விஷயமாத்தானே வந்தேன்? என்னைப் போய் தொந்தரவுன்னு போட்டு வச்சிருக்கீங்க.”

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையேடு எழுதுகிறவளுக்கு, யாராவது வந்து சொல்வதைக் கேட்பதுதான் வேலையே. அந்த வேலை என் நாற்காலி பக்கத்தில் மூன்று நிமிடம் நின்றிருக்கிறது. ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு அதைக் கழித்திருக்கிறேன்.

அன்றைக்கே கவுன்டரை எடுத்துவிட்டேன். வலைப்பதிவை நிறுத்தவில்லை, சனி, ஞாயிறு வீட்டில் எழுதினேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இரண்டுதான். நேரத்தை அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எழுதினால் எல்லோரும் நல்லவர்கள். இன்னொன்று, யாராவது சீட்டுக்கு வந்தால் நாற்காலியைத் திருப்பி முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

அந்த ஷீட்டை இன்றும் வைத்திருக்கிறேன். நாலாவது கட்டத்தின் தலைப்பை மட்டும் மாற்றினேன். இப்போது அதன் பெயர் வேலை.