பீட்சாவுக்கு உப்பு பார்த்த கதை

பொறவு என்னட்டி, கண்ணாடிக் கதவுல ‘தள்ளு’ன்னு எழுதியிருக்காம். நான் இழுத்து இழுத்துப் பாக்கேன். உள்ள இருக்க பிள்ளைய எல்லாம் சிரிக்கு. எனக்கு எழுத்து தெரியாதுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும், அந்தக் கதவுக்குத் தெரியல்ல பாத்துக்கோ. அந்த முருங்கக்கீரைய இங்க தா, நானும் உருவுதேன். மொதல்ல இருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும்.

என் இளைய மவன் துபாய்ல ஏசி மெக்கானிக்கா கெடந்தாம்லா? இந்த லீவுக்கு வந்தவன், ‘இனி போவல்ல, நாகர்கோவில்ல பீட்சாக் கட போடப் போறேன்’ங்கான். உனக்கு பீட்சா சுடத் தெரியுமாலேன்னு கேட்டேன். பன்னெண்டு வருசமா தின்னுருக்கேம்மாங்கான். நானும் அறுபது வருசமா பஸ்ஸுல போறேன், ஸ்டியரிங்கப் புடிச்சேனா?

ஆனா மருமவளுக்கு அவன் போவக்கூடாது. கொழந்தைக்கு அப்பான்னா செல்போனு, கேட்டியா. நேர்ல வந்தவனப் பாத்து கட்டிலுக்கு அடியில போய் ஒளியுது. எனக்கு மட்டும் அவன் போணும்னா இருக்கு?

அவன் ஒரு நிபந்தன வச்சான். “அம்மா, டவுண்ல உள்ள பீட்சா எல்லாத்தையும் நீ தின்னு பாரு. பொறவு நான் போடுதத தின்னு பாரு. என்னுது கொள்ளாம், நல்லாருக்குன்னு நீ சொன்னா இங்கன கட. இல்லன்னா பழையபடி பிளேன்.”

ஏன் என்கிட்டன்னு கேக்கியா? நம்ம பக்கம் எந்தக் கல்யாணம்னாலும், சமையலுக்கு வாற தவசிப்பிள்ள கரண்டியத் தூக்கிட்டு யாருகிட்ட வாறாரு? என் உள்ளங்கையிலதான ஒரு சொட்டு ஊத்துகாரு? நான் நக்கிப் பாத்து ‘கொள்ளாம்’னு சொன்னாத்தான் இலை போடுவாவ. என் சொந்த நாத்தனா வீட்டுக் கல்யாணத்துல புளிசேரி கொள்ளாதுன்னு சொல்லி, அவ ஒரு வருசம் என்கிட்ட பேசல்ல. பேசாட்டி போட்டும். புளிசேரி கொள்ளாதுதான்.

சரி, மொத கட. அதான் கதவு இழுத்த கட. உள்ள என்ன குளிரு பாத்துக்கோ! நான் என்ன மீனா, ஐசுல வைக்க? ஒரு பய வந்து ‘கனமாவா மெலிசாவா’ங்கான். துணியா எடுக்க வந்தோம்? வட்டமா ஒண்ணு வந்திச்சு. எல்லாவனும் போட்டோ எடுக்கான். எடுத்து முடிச்சப்ப அது ஆறி சவமாயிட்டு. நான் பயகிட்ட, “அந்த செவப்புக் கொழம்ப கையில கொஞ்சம் ஊத்து மக்கா”ன்னு கைய நீட்டுனேன். அவன் கை கழுவ சோப்புத் தண்ணிய ஊத்திட்டுப் போறான்! 

அடுத்த கட வாசல்ல பெரிய போர்டு. தீ கொழுந்து விட்டு எரியுது. விறகடுப்புல சுட்டதாம். நான் நேரா அடுக்களைக்குள்ள போயிட்டேன். அங்க ஒரு இரும்புப் பெட்டி, பின்னால கரண்டு வயரு. “விறகு எங்கலே?”ன்னு கேட்டேன். “பாட்டி, கஸ்டமர் உள்ள வரப்பிடாது”ங்கான். போர்டுல மட்டுந்தான் எரியுது, சவத்துக்குப் பொறந்தது. நம்ம ஊருக்கு மாநகராட்சின்னு பேரு வச்சாலும் வச்சான், எல்லாவனுக்கும் மண்டைக்குள்ள காத்து கேறிட்டு.

மூணாவது கடயில அன்னாசிப்பழம் போட்டது. மவன் மூஞ்சிய சுளிக்கான், இதெல்லாம் அசிங்கமாம். ஏம்லே, அன்னாசிப் பச்சடி இல்லாம உனக்கு கல்யாணச் சாப்பாடு எறங்குமா? பாயாசத்துல பழத்தையும் பப்படத்தையும் போட்டு நொறுக்கி அடிக்கவன்தான நீ? அந்தப் பழம் ஒண்ணுதான் அங்க கொள்ளாம். அடியில இருந்தது அட்டை.

இப்பிடி ஏழு கட ஏறி எறங்கியாச்சு. ஒண்ணும் தேறல்ல. அவனுக்கு ஒரே சந்தோசம், ஒருத்தனும் நமக்குப் போட்டி இல்லன்னு.

பொறவுதான் கொழந்தையக் குளிப்பாட்ட திற்பரப்பு அருவிக்குப் போனோம். திரும்பையில அருமனையில ஒரு பழைய ரொட்டிக் கடயில சாயா குடிக்க எறங்கினோம். கைலி கட்டின ஒரு ஆளு, மண்ணடுப்புல ரப்பர் விறகு எரியுது, வெள்ளப் பொக கெளம்புது. ரொட்டி எடுத்து முடிச்ச சூட்டுல பீட்சாவும் போடுவாராம், சுத்துப்பட்டு கல்ஃப்காரனுவ கேட்டு கேட்டு பழகினதாம். நான் கைய நீட்டுனேன். அந்த ஆளு ஒரு வார்த்த கேக்கல்ல பாத்துக்கோ. கரண்டியில எடுத்து உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டுட்டு, தலையக் குனிஞ்சு நிக்காரு, தவசிப்பிள்ள மாதிரியே! பீட்சாவ வாழையிலத் துண்டுல வச்சுத் தந்தாரு. ஓரம் நொறுங்குது, நடுவு பஞ்சு. “கொள்ளாம்”னு சொல்லிட்டேன். என் மவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு.

ஞாயித்துக்கிழம அவன் வீட்டுல போட்டான். புது அடுப்பு, புது கத்தி, தலையில தொப்பி வேற. வாயில வச்சா, ஏட்டி, செருப்புத் தோலு! மருமவ மேசைக்கு அடியில என் காலைப் போட்டு மிதிக்கா. காதுல, “மாமி, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்”ங்கா. எனக்கும் தொண்டை வரைக்கும் வந்திட்டு. ஆனா நான் பொய் சொல்லி இவன் கட தொறந்தா, தின்னவன் மறுநாளு சொல்ல மாட்டானா? அப்ப பணமும் போயி ஆளும் போவான்.

“கொள்ளாது மக்களே”ன்னேன்.

தொப்பியக் கழத்துனான். பீரோவத் தொறந்து பாஸ்போர்ட்ட எடுத்து மேச மேல வச்சான். மருமவ நாலு நாளு எனக்கு சாயா தந்த சத்தம் உனக்கே கேட்டிருக்கும், டம்ளர தரையில அந்த அடி அடிப்பா. சீனியும் போடல்ல. நானும் கேக்கல்ல.

அஞ்சாம் நாளு விடிய முன்ன ஆளக் காணல்ல. போயிட்டானோன்னு எனக்கு ஒரே வெப்ராளம். ஓடிப் போய்ப் பாத்தா பாஸ்போர்ட்டு அங்கனயே கெடக்கு. மொத பஸ்ஸுல அருமனைக்குப் போயிருக்கான்! அந்த ரொட்டிக்காரரு, “மொதல்ல ஒரு மாசம் மாவு பெசை, பொறவு அடுப்புப் பக்கம் வா”ன்னுட்டாராம். தெனமும் போறான். பொக மணத்தோட வாறான். முழங்கையில தீப்பட்ட தடம் வேற. கொழந்த இப்ப கிட்ட போயி அந்தத் தடத்துல ஊதிக் குடுக்கு.

மாசம் முடிஞ்சு, போன வாரம் பீட்சா ஒண்ணு சுட்டுக் கொண்டு வந்தான். ஓரம் கொள்ளாம், நடுவு வேவல்லன்னு சொன்னேன். சரிம்மான்னுட்டு, அப்பமே என் முன்னால நின்னு துபாய் கம்பெனிக்கு போன் போட்டு இனி வரல்லன்னு சொல்லிட்டான். நான் கொள்ளாம்னு சொல்லாமலே! நிபந்தன வச்சவன் அவன்தான, என்கிட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா? திமிரப் பாத்தியா? மருமவ இப்ப சாயால ரெண்டு கரண்டி சீனி போடுகா, வாயில வைக்க முடியல்ல.

அய்யய்யோ! ‘மாவு பொங்குனா அமுக்கி விடும்மா’ன்னு சொல்லிட்டுப் போனானே! இந்நேரம் சட்டிய விட்டு எறங்கி அடுக்களை முழுக்க நடந்திருக்குமே. கீரைய நீயே உருவிக்கோ, நான் போறேன்—