பாதியில் நிறுத்திய முயல் கதை

2013 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. காற்றே இல்லாத வெயில். கரைத்தீவில் ஒரு பாலர் பாடசாலையில் பதினான்கு பிள்ளைகளுக்கு முயல் கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். கதை வாசித்து, நாளுக்கு மூன்று புதுச் சொற்கள் கற்பிப்பது ஓய்வுபெற்ற பிறகு நான் ஏற்ற வேலை.

அன்றைய மூன்றாவது சொல் ‘பதுங்குதல்’. நரிக்குப் பயந்து முயல் புதருக்குள் பதுங்கிய பக்கத்தில் நிறுத்தினேன். “பதுங்கினால் யார் கூப்பிட்டாலும் பேசக் கூடாது, அசையவும் கூடாது” என்று விளக்கினேன். மூன்று சொற்களும் முடிந்ததால் புத்தகத்தை மூடிவிட்டேன்.

“பொறகு என்ன நடந்த, சேர்?” என்று கேட்டாள் நான்கு வயது சுமையா.

“மிச்சம் நாளைக்கு.”

தாய்மார் வந்ததும் பிள்ளைகளை எண்ணினேன். பதின்மூன்று. மறுபடியும் பதின்மூன்று. சுமையா இல்லை. பின்வாசலிலிருந்து முப்பது அடியில் களப்பின் ஆழமான உப்புத் தண்ணீர்.

“எண்ட புள்ள தண்ணிக்குள்ள போயிட்டாளோ!” என்று அவளுடைய உம்மா அலறினார். எல்லாரும் களப்புக்கு ஓடினோம். ஆண்கள் இரண்டு இயந்திரத் தோணிகளை இறக்கினார்கள். எத்தனை தரம் கூப்பிட்டும் பதில் இல்லை.

கூப்பிட்டால் பேசக் கூடாது என்று சொன்னவன் நான்தானே என்பது அப்போதுதான் உறைத்தது. வகுப்புக்குள் ஓடி, புத்தகத்தை விரித்து, உரக்க வாசித்தேன்: “நரி போய்விட்டது. முயல் வெளியே வந்தது.”

பாய்கள் வைக்கும் அலுமாரி மெல்லத் திறந்தது.

“நரி மெய்யாவே போயிட்டா, சேர்?” என்று எட்டிப் பார்த்தாள் சுமையா.

“ஓம் மகள், போயிட்டுது.”

சொல்லைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, கதையை நான் என் கையில் வைத்துக்கொண்டேன். அதன் பின் எந்தக் கதையையும் பாதியில் மூடியதில்லை. அன்று அவளைத் தேடிய தோணிகளின் மண்ணெண்ணெய்க்கு நான் கொடுத்தது நானூற்று இருபத்துநான்கு ரூபா.