வழி தெரிந்தவருடன் ஒரு திராட்சைத் தோட்டப் பயணம்

அந்தப் பயணத்துக்கு அடம்பிடித்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக என் கணவரைத் திட்டுவேன், அதனால்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். முதலாளியம்மாவின் தம்பி நயாகராப் பக்கம் வைனுக்குத் திராட்சை பயிரிட்டிருந்தார். "அறுவடைக்கு வந்து பார், இத்தாலிக்கே போன மாதிரி இருக்கும்" என்று அந்த அம்மா ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது. நாங்கள் இருந்த டோர்செட் பார்க் அடுக்குமாடி, பஸ், வெங்காயம், திரும்பவும் பஸ். இந்த நாட்டில் வேறென்னத்தைக் கண்டேன்? இந்த முறை வாடகைக்கு ஒரு கார் எடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

அப்போது என் அகதி வழக்கு விசாரணைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. கணவர் எனக்கு முன்பே வந்து, வழக்கு வென்று, நிரந்தர வதிவிடம் பெற்றுவிட்டார். மகள் இங்கேயே பிறந்தவள், மூன்றரை வயது. வீட்டில் வதிவிடப் பேப்பர் இல்லாதவள் நான் ஒருத்திதான். "நாட்டை விட்டு ஓரடி வெளியிலை வைச்சாலும் கேஸ் போச்சு. திரும்ப உள்ளுக்கு விடாமலும் விடுவாங்கள்" என்று சட்டத்தரணி இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை வெள்ளைக் கார் வந்தது. கணவர் நான்கு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, ஸ்டியரிங்கில் திருநீறும் பூசினார்.

"ரெண்டு நாள் காருக்கு உவ்வளவு ஆரவாரமோ?" என்றேன்.

"பேசாமல் ஏறும்" என்று சிரித்தார்.

முதலாளியம்மா ஒரு தாளில் பாதை கீறித் தந்திருந்தார். அதை மடியில் விரித்து வைத்திருந்தேன். கணவர் எட்டியும் பார்க்கவில்லை. "உந்தப் படமொண்டும் வேண்டாம். நான் வந்த பாதைதானே?" என்றார். உண்மைதான். அமெரிக்காவிலிருந்து பாலத்தைக் கடந்து, எல்லையில் அகதி என்று சொல்லி, நண்பர் ஒருவரின் காரில் அதே நெடுஞ்சாலையால்தான் ரொறன்ரோ வந்து சேர்ந்தவர். ஒரே ஒரு தடவை, எதிர்த்திசையில், பயத்தில் விறைத்துப்போய் வந்த வழி. எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் அப்படி ஒரு வழி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று சத்தியம் செய்வார்கள்.

ஏரி தெரிந்தது. பிறகு திராட்சை, கம்பிகளில் வரிவரியாக. நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன்.

"உதிலை திரும்பவேணும் எண்டு கீறிக் கிடக்கு" என்றேன்.

"இன்னும் போகவேணும்."

இருபது நிமிடத்தில் அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீரே, உந்தத் தண்ணித்தாங்கி! நல்ல ஞாபகம் இருக்கு. சரியான பாதையிலைதான் வந்திருக்கிறம்."

சரியான பாதைதான். அடுத்த பலகையில் பாலம் என்றும் அமெரிக்கா என்றும் எழுதியிருந்தது. நான் வாசித்து முடிக்குமுன் கார் அந்த ஒழுங்கைக்குள் போய்விட்டது. இரண்டு பக்கமும் கொங்கிறீற் மதில். முன்னால் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. பின்னால் ஒரு லொறி.

"திருப்புங்கோ!"

"எங்கை திருப்புறது? மதில்!"

"அப்ப நிப்பாட்டுங்கோ!"

"நிப்பாட்டினால் பொலிஸ் வரும். அங்காலை போய் விளக்கம் சொல்லித் திரும்பி வருவம்."

"நீங்கள் திரும்பி வருவியள். நான்?"

கார் இன்னும் கொஞ்சம் ஊர்ந்தது. பாலம் தொடங்க மூன்று கார்தான் இருந்தது. நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

"விசரே உமக்கு! ஏறும்!"

லொறி ஹோர்ன் அடித்துக் கத்தியது. கதவை அடித்துச் சாத்திவிட்டு மதிலோடு ஒட்டி நின்றேன். கார் போகத்தான் வேண்டியிருந்தது. அது பாலத்தில் ஏறிய பிறகுதான், பின் ஆசனத்தில் மகள் நித்திரையாகக் கிடக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது.

சீருடைப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். "நான் போகவில்லை, நான் போகவில்லை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு சிறிய அறையில் உட்காரவைத்து, கைப்பையிலிருந்த என் அகதிப் பேப்பரை வாங்கிக்கொண்டு போனாள். முதல் அரை மணித்தியாலம் நான் அந்தப் பேப்பரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன். பிள்ளையைப் பற்றி அதற்குப் பிறகுதான். அமெரிக்க விசா இல்லாத மனுசன். அவரை மறித்து வைத்தால் பிள்ளையை யாரிடம் கொடுப்பார்கள்? தமிழைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாதே!

பேப்பரைத் திருப்பித் தந்தார்கள். இரண்டரை மணித்தியாலத்துக்குப் பிறகு அமெரிக்கப் பக்கத்திலிருந்து காரையும் திருப்பி அனுப்பினார்கள். மகளின் கண் வீங்கியிருந்தது. நான் பின்னால் ஏறி அவளருகில் இருந்தேன்.

திராட்சை வரிகள் மறுபடி வந்தன. தோட்டத்துக்குப் போவோமா என்று இருவரும் கேட்கவில்லை. கனதூரம் போன பிறகு அவர் சொன்னார். "நான் பிள்ளையைக் கடத்திக்கொண்டு ஓடுறன் எண்டு நினைச்சிட்டாங்கள். தாய் எங்கை எண்டு அவளிட்டைக் கேக்கச் சொன்னாங்கள்."

"என்ன சொன்னவள்?"

"அம்மா என்னை விட்டிட்டு இறங்கிப் போட்டா எண்டாள். அதை நான்தான் அவங்களுக்கு இங்கிலிசிலை சொல்லவேண்டி வந்தது."

அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். வழி தெரியும் வழி தெரியும் என்றவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்! அதற்கும் இடம் தரவில்லை.

விசாரணையில் அந்தக் கேள்வி வந்தது. வந்த நாள் முதல் கனடாவை விட்டு வெளியே போனீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். "இல்லை" என்றேன். குரல் தேவைக்கு மேல் ஓங்கிவிட்டது. அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள். வெளியே, கணவர் ஆட்களுக்கு முன்னால் விம்மி விம்மி அழுதார். நான் ஓடிப்போய் மகளைத் தூக்கிக் கொஞ்சினேன்.

"இனிப் பயமில்லையடி குஞ்சு. இனி அம்மாவை ஒருத்தரும் அனுப்ப ஏலாது."

அவள் கேட்டாள்.

"அப்ப, இனி இறங்கிப் போகமாட்டியளோ?"