தந்திக் கட்டைக்குச் சத்தம் வைத்த மாமா

திருநகரில் என் தாய்மாமா வீட்டு முன்னறையில் பீரோ அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது. பட்டாளத்தில் கழித்துப் போட்ட வயர்லெஸ் பெட்டி. அரசாங்கத்தில் லைசென்ஸ் வாங்கி, அதில் தந்தி அடித்து வெளியூர்க்காரர்களோடு பேசுவது மாமாவுக்குப் பொழுதுபோக்கு. அஞ்சாம் வகுப்பு முடிந்த லீவுக்கு நான் அங்கே போயிருந்தேன். யார் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வேன். அதனாலேயே மாமா என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவிட்டார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. அடுத்தவர் அடிப்பது பெட்டியோடு சேர்ந்த காதுக் கருவியில் கேட்கும், தான் அடிப்பது தனக்குக் கேட்காது. தந்தி அடிக்கிற கட்டை டொக் டொக்கென்று தட்டுவதோடு சரி. அதனால் எழுத்து பிசகி, பெங்களூர் சிநேகிதர் தினமும் திரும்ப அடிக்கச் சொல்வாராம். மாமா சிம்மக்கல் கடைத்தெருவுக்குப் போய் டிரான்சிஸ்டரும் சின்ன ஸ்பீக்கரும் வாங்கிவந்து, தனியாக பேட்டரி போட்டு, ஈயத்தால் பற்றவைத்துக் கட்டையோடு சேர்த்தார். இப்போது தட்டினால் சீட்டியடிப்பதுபோல் 'பீ, பீ' என்றது. சத்தம் பிரிந்து கேட்கிறதா என்று பார்க்க எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் பெங்களூருக்கு அடிக்க அடிக்க நான் ஸ்லேட்டில் எழுதுவேன். ஏ, பி, சி தெரியும். இங்கிலீஷ் தெரியாது.

ஒருநாள் காலை ஸ்லேட்டு நிறைய எழுதி, அழகாக வந்திருக்கிறதென்று அத்தையிடம் காட்டினேன். அத்தை டீச்சர். வாசித்துத் தமிழிலும் சொன்னாள். "இன்னைக்கும் உப்புமா, சிமெண்டு மாதிரி." பிறகு கேட்டாள், "பெங்களூரு வரைக்கும் போயிருச்சா என் உப்புமா?"

அன்றோடு மாமாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டு வரும், அதில் உப்புமா வரும், வார்த்தை வராது. மூன்றாம் நாள் மாமா அடுப்படி வாசலில் நின்று செருமிப் பார்த்தார். அத்தை என் பக்கம் திரும்பி, "உங்க மாமாவுக்குத் தொண்டையில சிமெண்டு அடைச்சிருச்சு போல, தண்ணி குடு புள்ள" என்றாள்.

மாமா வாடிப்போனார். மறுநாள் காலை பெட்டி முன்னால் உட்கார்ந்து, ஸ்பீக்கரை அடுப்படிப் பக்கம் திருப்பிவைத்தார். காதுக் கருவியை மாட்டவில்லை. "எழுது தாயி, எழுதி அத்தைக்கிட்ட காட்டு" என்றார். எழுத்தெழுத்தாக, அவ்வளவு நிதானமாக அவர் அடித்து நான் கேட்டதில்லை.

அத்தை ஸ்லேட்டை வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இதையும் ஊரெல்லாம் கேக்க அடிச்சாராக்கும், வெக்கங்கெட்ட மனுசன்" என்றாள். பிறகு ஈரக் கையால் அத்தனையையும் அழித்துவிட்டு, அவளே முன்னறைக்குப் போய், மத்தியானத்துக்கு என்ன குழம்பு வைக்க என்று மாமாவிடமே கேட்டாள்.

எனக்குத்தான் உறுத்தலாக இருந்தது. பெட்டியைப் போட்டால் உள்ளே கண்ணாடிக் குமிழ் வால்வுகள் செக்கச்செவேலென்று எரியும். அன்று ஒன்றுகூட எரியவில்லை; ஸ்பீக்கர் மட்டும் தன் பேட்டரியில் கத்தியிருக்கிறது. மாமா ஸ்விட்சைப் போட மறந்துவிட்டார், பாவம், இம்புட்டு நேரம் அடித்ததில் ஒரு எழுத்தும் பெங்களூர் போய்ச் சேர்ந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.