ஹெஸ்டர் பிம் கேட்காத அனுமதி

ஹெஸ்டர் பிம் எனக்கு இருபத்தெட்டு வருடம் பக்கத்து வீட்டுக்காரி. அதில் பதினொரு வருடம் நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. என் பூனை அவளுடைய வெங்காயப் பாத்தியில் படுத்ததுதான் காரணம். செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாதாம். அப்படிப் பார்த்தால் அவளைப் பற்றிப் பேசவே முடியாது.

நெதர் ஸ்டோக்லியில் எங்கள் மூன்று வீடுகளும் ஊரை விட்டுத் தள்ளி மேட்டில் இருக்கின்றன. சர்ச்சுக்கு ரோடு வழியே மூன்று மைல். கோலிங் பண்ணையின் கோதுமை வயலைக் குறுக்கே கடந்தால் பத்து நிமிடம். பாதிரியாரின் வெள்ளை அங்கிகளை வெளுத்துக் கஞ்சி போட்டுத் தேய்ப்பது ஹெஸ்டரின் வேலை. சனிக்கிழமைதோறும் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த வயல் வழியேதான் போவாள், என்னமோ வயலே அவள் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி.

"நான் எவன்கிட்டயும் கேட்டுட்டு நடக்கறவ இல்லடி" என்பாள், பேச்சுவார்த்தை இருந்த நாட்களில்.

அவள் கணவர் அம்ப்ரோஸ் வேலிச்செடி வெட்டுகிறவர். வாயில்லாப் பூச்சி. அவள் நூறு வார்த்தை பொரிந்து தள்ளினால், அவர் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொள்வார். அவ்வளவுதான் பதில்.

1950 ஜூனில் அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தார். சவ வண்டி ரோட்டில் வந்து நின்றது. ஹெஸ்டர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: பிணம் சுமந்து போன வழி அன்றிலிருந்து ஊருக்குச் சொந்தம். ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முழங்காலுக்கு மேல் வளர்ந்த கோதுமையை மிதித்தபடி போனார்கள். கிழவர் கோலிங் வயலோரம் தொப்பியைக் கையில் பிடித்து நின்றார்.

"பாத்தியா, வாயடைச்சுப் போச்சு அந்தாளுக்கு" என்றாள் ஹெஸ்டர், பக்கத்தில் நடந்தவளிடம்; என்னிடம்தான் பேச்சில்லையே. புருஷன் பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்கு வருடம் கழித்துக் கிழவர் போனார். மகன் ரூபர்ட் வந்தான், முள்கம்பி வந்தது, கம்பிக்குப் பின்னால் ஒரு காளையும் வந்தது. ஹெஸ்டருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது, வலது முழங்கால் மடங்காது. கூடையோடு மூன்று மைல் அவளால் ஆகாது. பாதை போனால் பிழைப்பும் போகும், புருஷன் கல்லறையும் போகும்.

ஊர் ஊராகப் பழைய நடைபாதைகளைப் பதிவு செய்யச் சொல்லி அரசாங்கம் சட்டம் போட்டிருந்த காலம் அது. எங்கள் பாதையை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். ஊர்ப் பொதுக்கூடம் நிறைந்துவிட்டது. அவர் சொன்னது எளிமையானது. இருபது வருடம் ஒளியாமல், அடிதடி இல்லாமல், யாரிடமும் கேட்காமல் ஜனங்கள் நடந்திருந்தால் அது ஊர்ப்பாதை. கேட்டு நடந்திருந்தால் அது வெறும் தயவு.

"ஐயா, அந்த வழியா என் புருஷன் பொணமே போயிருக்கு. அது போதாதா?" என்றாள் ஹெஸ்டர்.

"அம்மா, அப்படி ஒரு சட்டமே கிடையாது."

கூடம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன், பொய் சொல்வானேன்?

"நீங்க எப்பவாவது அனுமதி கேட்டீங்களா?"

"நானா? அந்தக் கோலிங்கிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன்!"

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது ரூபர்ட் எழுந்தான். கையில் நூலால் கட்டிய கடிதக் கட்டு. அப்பாவின் மேசையில் கிடைத்ததாம். மொத்தம் பத்தொன்பது, வருடத்துக்கு ஒன்று. மேலே இருந்ததைப் படித்தான்.

'மதிப்பிற்குரிய திரு. கோலிங், இந்த வருடமும் எங்கள் மூன்று வீட்டாரும் தங்கள் வயல் வழியே நடக்கத் தயவுசெய்து அனுமதிக்க வேண்டும். நான் கேட்டது என் மனைவிக்குத் தெரிய வேண்டாம். அம்ப்ரோஸ் பிம்.'

கடிதங்களை வாங்கி ஹெஸ்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையெழுத்தை மறுக்க முடியவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அத்தோடு பாதை போயிற்று, எனக்கும் சேர்த்துத்தான்.

"இப்பவும் நடக்கலாம் மிசஸ் பிம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டாப் போதும்" என்றான் ரூபர்ட், பல்லைக் காட்டிக்கொண்டு. அந்தப் பல்லை உடைக்க வேண்டும் போலிருந்தது.

அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்து, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக என் கையைப் பிடித்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் ஒரே கட்டில்ல படுத்தேன்டி. என்கிட்ட சொல்ல அந்த மனுஷனுக்கு அவ்வளவு பயமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"ஆமா, எங்க எல்லாருக்குமே பயந்தான்" என்றேன்.

அவள் என் கையை விட்டாள். காலை இழுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள்.